வட்டியில்லாக் கடன் கொடுப்பவர்கள்



"இப்போதைக்குக் காசு வேண்டாம், வியாபாரம் ஓடட்டும், வருகிறதில் உங்களுக்கு 20 சதவீதம்." இந்தப் பேச்சைக் கேட்காத சிறுதொழில்காரர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். வலைத்தளம் அமைப்பவர், அட்டைப்பெட்டி அச்சடிப்பவர், சமையல் கான்ட்ராக்டர் என்று எல்லோரிடமும் இதைச் சொல்கிறார்கள். கேட்கும்போது நாமும் ஒரு பங்குதாரர் ஆகிவிட்டதாகத் தோன்றும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: கல்லாவைப் பார்க்கும் உரிமை இல்லாமல் பங்குக்குத் தலையாட்டுகிறவர் அடுத்தவர் தொழிலுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். அந்தக் கடனுக்குக் கெடுவும் கிடையாது, பத்திரமும் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தொடங்கும் இணையவழிப் பயிற்சிக்கு நீங்கள் செயலி செய்து கொடுக்கிறீர்கள். நிகர வருமானத்தில் 20 சதவீதம் என்று பேச்சு. முதல் ஆண்டு வசூல் 5 லட்சம் என்றால், நமக்கு ஒரு லட்சம் என்று மனம் கணக்குப் போடும். அவரோ விளம்பரத்துக்கு இரண்டரை லட்சம், அலுவலகத்துக்கு ஒரு லட்சம், தமக்குச் சம்பளம் ஒன்றேகால் லட்சம் என்று எழுதுகிறார். மிச்சம் 25,000, உங்கள் பங்கு 5,000. இதில் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எது செலவு என்று முடிவு செய்யும் பேனா அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். மொத்த வசூலில் வெறும் 5 சதவீதம் என்று பேசியிருந்தால்கூட 25,000 வந்திருக்கும்.

பெரிய மனிதர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 1988-இல் எடி மர்ஃபி நடித்து வெளிவந்த 'கமிங் டு அமெரிக்கா' பெரும் வெற்றிப் படம். அதன் கதைக்கரு தம்முடையது என்று வழக்குப் போட்டார் ஆர்ட் புக்வால்ட், புலிட்சர் பரிசு பெற்ற பத்தி எழுத்தாளர். ஒப்பந்தப்படி அவருக்கு நிகர லாபத்தில் பங்கு. நிகர லாபமே இல்லை என்றது பாரமவுண்ட் நிறுவனம். கதைக்கரு அவருடையதே என்றும், லாபத்தைக் கணக்கிட்ட அந்தச் சூத்திரத்தில் பல பகுதிகள் நியாயத்துக்குப் புறம்பானவை என்றும் 1990-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் சொன்னது. அவருக்கு 1,50,000 டாலர் என்று தொகை முடிவானது 1992-இல். பேரும் புகழும் நல்ல வக்கீலும் உள்ளவருக்கே அத்தனை ஆண்டு என்றால், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்றை மட்டும் கையில் வைத்திருப்பவர் எத்தனை வாய்தாவுக்கு அலைவார்?

அதற்காகப் பங்கு முறையே தவறு என்று நான் சொல்லவில்லை. விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரச் சாகுபடி நம் மண்ணில் நெடுங்காலம் இருந்தது. அதில் கொடுமைகள் உண்டு. ஆனாலும் நெல், களத்துமேட்டில் இருவர் கண்ணெதிரே மரக்காலால் அளக்கப்பட்டது. 1956-இல் இங்கே வந்த நியாயக் குத்தகைச் சட்டமும் மொத்த விளைச்சலில் இத்தனை சதவீதம் என்றுதான் குத்தகையை வரையறுத்தது. விளைச்சல் இருவர் கண்ணுக்கும் தெரியும். செலவோ எழுதுகிறவர் சொல்வதுதான்.

"நமக்குத்தான் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. ஆனால் இதற்கெல்லாம் ஆதாரம் தொகை போட்ட ஒரு பில். பங்குப் பேச்சில் தொகையும் தெரியாது, தேதியும் தெரியாது. எந்த நாளிலிருந்து 45-ஐ எண்ணுவது?

"ஆரம்பத்தில் இலவசமாகச் செய்தால் பேர் கிடைக்குமே" என்பது அடுத்த வாதம். கிடைக்கும்; சும்மா செய்து கொடுப்பவர் என்ற பேரும் சேர்ந்தே கிடைக்கும். அந்தப் பேரைக் கேட்டு வருகிறவர் முதலில் கேட்பது அதே விலையைத்தான். இலவச மாதிரியாகக் கொடுத்த பொருளுக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரிச் சலுகைகூடக் கிடையாது. அந்த வரியும் நம் தலையில்தான் விழும்.

"கறாராகப் பேசினால் ஆர்டர் போய்விடும்" என்ற அச்சம் நியாயமானது. முதல் இல்லாத இளைஞர்கள் இருவர் சேர்ந்து தொழில் தொடங்கினால் பங்குதானே வழி என்பதும் உண்மை. அதற்கும் நம் சினிமா விநியோகத்தில் பழகிய முறை ஒன்று இருக்கிறது: மினிமம் கேரண்டி. குறைந்தபட்சத் தொகை முதலில் வந்துவிட வேண்டும். வசூல் அதைத் தாண்டினால் அதற்கு மேல்தான் பங்கு. நாமும் அப்படிப் பேசலாம். நம் கைக்காசுச் செலவாவது முன்பணமாக வரட்டும். பங்கு மொத்த வசூலில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். தொழிலில் நம்பிக்கை உள்ளவர் இந்த மூன்றுக்கும் தயங்க மாட்டார். தயங்குகிறவரின் ஆர்டர் போனால் போகட்டும். அதே நாட்களில் அதே இயந்திரம் காசு தருகிறவருக்கு ஓடும்.