ஐந்து கட்டங்களில் ஒரு கவலை

ஒரு நிகழ்ச்சிக்கும் அதனால் வரும் வருத்தத்துக்கும் நடுவே மனதுக்குள் ஒரு வாக்கியம் ஓடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் அது ஓடி மறைவதால், நிகழ்ச்சியே வருத்தத்தைத் தந்ததாகத் தோன்றுகிறது. அந்த நடு வாக்கியத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். பிலடெல்பியாவில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த பெண் ஒருவர், தம் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது பதறினார். பிராய்டு வழியில் பயின்றிருந்த பெக், பேசிய பொருளே பதற்றத்துக்குக் காரணம் என்று விளக்கினார். காரணம் அதுவல்ல. 'டாக்டருக்கு என் பேச்சு சலிப்பூட்டுகிறதோ' என்ற நினைப்புதான் அவரை வாட்டியது. இத்தகைய நினைப்புகளுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வந்தது.

1963இல் பெக் இந்த எண்ணங்களில் காணும் திரிபுகளை வகைப்படுத்தினார்: ஆதாரமின்றி முடிவுகட்டுவது, ஒன்றைக் கண்டு எல்லாம் அப்படித்தான் என்பது, கடுகை மலையாக்குவது. பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பயனில்லை. 'நல்லதையே நினை' என்று சுவரில் ஒட்டிவைப்பதால் அதுவுமில்லை. பொய்யான கவலையை எடுத்துவிட்டுப் பொய்யான தெம்பை வைப்பது அது. செய்ய வேண்டியது எழுதுவது. மனதுக்குள் அல்ல, தாளில் எழுதுவது.

பெக்கும் மூவரும் சேர்ந்து 1979இல் வெளியிட்ட நூலில் இதற்கென ஐந்து கட்டங்கள் கொண்ட தாள் உண்டு. ஓர் உதாரணம்: 'நாளைக் காலை என்னை வந்து பாருங்கள்' என்று ஓர் ஊழியரிடம் மேலாளர் சொல்கிறார். ஊழியருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. முதல் கட்டத்தில் நடந்தது மட்டும்: மேலாளர் வரச் சொன்னார். இரண்டாவதில் உணர்ச்சியும் அதன் அளவும்: பயம், நூற்றுக்கு 90. மூன்றாவதில் எண்ணம்: வேலை போகப்போகிறது, அதை நம்புவது 85 சதவீதம். நான்காவதுதான் உயிர்நாடி. வேலை போகும் என்பதற்கு என்ன ஆதாரம்? போகாது என்பதற்கு என்ன ஆதாரம்? போன மாதமும் இப்படித்தான் கூப்பிட்டார், கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டார், அவ்வளவே. ஐந்தாவதில் மறுபடி மதிப்பெண்: பயம் 50.

பயம் பூஜ்யமாகவில்லை, ஆகவும் வேண்டாம். மேலாளர் நிஜமாகவே கடிந்துகொள்ளலாம். அந்த 50 அதற்கானது. மதிப்பெண் போடுவது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் எண் இருப்பதால்தான் 'ஒரேயடியாகப் பயம்' என்பது கூடிக் குறையும் ஒன்றாகிறது. எழுத வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்: தலைக்குள் சுழலும்போது தீர்ப்பாக ஒலித்தது, தாளில் இறங்கியதும் சாட்சி கேட்க வேண்டிய புகாராகிவிடுகிறது.

சில நேரம் புகார் மெய்யாகவே இருக்கும். வேலை போயே விட்டிருக்கும். அப்போது நான்காம் கட்டத்தில் மறுக்க ஒன்றுமில்லை. அடுத்து யாரைப் பார்ப்பது, கையிருப்பு எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கே அங்கு வரும். கடும் மனச்சோர்வில் படுக்கையைவிட்டு எழவே முடியாதவரிடம் முதல் நாளே இந்தத் தாளை நீட்டுவதில்லை. எழுந்து குளிப்பது, தெருமுனைவரை நடப்பது போன்ற சிறு வேலைகளிலிருந்தே மருத்துவர் தொடங்குவார். தேவையானால் மருந்தும் தருவார். தாள் பிறகு வரும்.