கரண்ட் கம்பெனிகள் கவிழ்ந்த கதை: பில் கட்டியது யார்?

(இணையவழிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



2021 பிற்பாதியில் பிரிட்டனில் வீடுகளுக்குக் கரண்டும் கேஸும் விற்கும் கம்பெனிகள் வரிசையா மூட ஆரம்பிச்சன. அடுத்த வருஷத்துக்குள் ஏறக்குறைய 30 கம்பெனிகள் காலி!

இவர்களில் பெரும்பாலோர் கரண்ட் தயாரிப்பவர்கள் இல்லை. மொத்தச் சந்தையில் வாங்கி, வீடுகளுக்குச் சில்லறையா விற்பவர்கள். அந்த நேரத்தில் கேஸின் மொத்த விலை பல மடங்கு ஏறியது. ஆனா வீட்டுக்கு விற்கும் விலைக்கு 2019 முதலே உச்சவரம்பு உண்டு. அதை ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அப்போ ஆறு மாசத்துக்கு ஒருமுறைதான் மாற்றியது. வாங்குற விலை வானத்துல, விற்குற விலை தரையில!

எல்லோருக்கும் அதே புயல்தானே, சிலர் மட்டும் எப்படித் தப்பிச்சாங்க?

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரை நினைச்சுக்கோங்க. இலைக்கு இவ்வளவுன்னு ஆறு மாசம் முன்னாடியே பேசிட்டார். புத்திசாலி அன்றைக்கே அரிசிக்கும் எண்ணெய்க்கும் விலை பேசி முடிச்சிடுவார். இன்னொருவர் முகூர்த்தத்துக்கு முதல் நாள் கடைக்குப் போவார். விலை ஏறியிருந்தா அவர் கதை முடிஞ்சது.

பிரிட்டனிலும் இதேதான். வரப்போகும் மாதங்களுக்கான கேஸையும் கரண்டையும் முன்கூட்டியே விலை பேசி வெச்சவங்களும், கையில் முதலீடு இருந்தவங்களும் தாங்கினாங்க. விழுந்த பலரிடம் சொந்தப் பணம் குறைவு. மக்கள் மாசாமாசம் முன்பணமா கட்டிய காசை வெச்சே தொழிலை ஓட்டினாங்க.

பல்ப், ஆக்டோபஸ் இரண்டும் ஏறக்குறைய ஒரே வயசுக் கம்பெனிகள். பல லட்சம் வாடிக்கையாளர்கள் வெச்சிருந்த பல்ப் 2021 நவம்பரில் விழுந்தது. அரசுப் பணத்தில் ஓட்டி, 2022 டிசம்பரில் ஆக்டோபஸிடம் ஒப்படைச்சாங்க.

நஷ்டத்தை யார் கட்டினாங்க? மக்கள்தான்! வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு, பல்ப் செலவு தனி என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகமே 2022-ல் கணக்குச் சொன்னது. லாபம் வந்தா முதலாளிக்கு, நஷ்டம் வந்தா நம்ம மீட்டருக்கு!

அரசு கையில் இருந்தாலே போதுமா? அதுவும் இல்லை. நாட்டிங்ஹாம் மாநகராட்சி நடத்திய ராபின் ஹூட் எனர்ஜி, இந்த விலையேற்றத்துக்கு முன்பே, 2020-ல் பெரும் நஷ்டத்தோடு மூடியது.

அதனால, "போட்டி வந்தா விலை குறையும்"னு யார் சொன்னாலும் மூணு கேள்வி கேளுங்க. முன்கொள்முதல் இருக்கா? சொந்த முதலீடு இருக்கா? மூழ்கினா பில் யாருக்கு?

மூணாவது கேள்விக்குப் பதில் வராம விடாதீங்க.