பிள்ளையின் கைப்பேசியைப் பறிக்காதீர்கள்

ஜொகூர் வாழ் தமிழ்ப் பெற்றோர்களே,

கைப்பேசிதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்கிறோம். 2024 ஜூலையில் டிக்டாக் பிரபலம் ஈஷா, இணையப் பகடிவதைக்கு ஆளாகி உயிர் நீத்தார். இழிவாகப் பேசிய ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 வெள்ளி! தண்டிக்கப்பட்டவர்கள் வேற்றினத்தார் அல்லர், நம்மவர்களே.

மக்கள் கொதித்தார்கள், சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூலை 11 முதல் பகடிவதை தனிக் குற்றம். அது தற்கொலைக்குத் தூண்டினால் 10 ஆண்டுவரை சிறை.

ஆனால், புகார் இல்லாமல் சட்டம் அசையாது. உங்கள் பிள்ளையை யாராவது இழிவுபடுத்தினால் அந்தப் பதிவைப் படம் பிடித்து வையுங்கள். போலீசில் புகார் செய்து நகல் வாங்குங்கள்.

கைப்பேசியைப் பறித்தால், அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லாது. பிறர் பிள்ளையைப் பற்றிய வசை வந்தால், நீங்களும் பகிராதீர்கள்.