செல்ஃப் எடுக்கலையா? பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

தண்டலத்துல இருந்துக்கிட்டு படகு என்ஜின் பத்திப் பேசுறியேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். இங்கிருந்து கடலைப் பார்க்கணும்னா ஒரு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டணும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கிற ஆலைகள்ல டீசல் ஜெனரேட்டர் சர்வீஸ் பண்றது என் வேலை. விசைப்படகு என்ஜினும் டீசல்தான். அங்கேயும் இதே மாதிரி பேட்டரி, சொலினாய்டு, செல்ஃப் மோட்டார். அதனால காசிமேட்டுல படகு வெச்சிருக்கிற என் மாமா, ஜூன் பிறந்தா எனக்கு போன் போட்டுடுவார்.

ஏன் ஜூன்? கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். படகு சும்மா நிக்கும். உப்புக்காத்து சும்மா நிக்காது.

இந்தத் தடவை கேட்டது இது: "மாப்ள, கடைக்காரன் சொன்னான்னு புது பேட்டரி போட்டாச்சு. அப்பவும் செல்ஃப் இழுத்து இழுத்து நின்னுடுது. இப்போ செல்ஃப் மோட்டாரைக் கழட்டணும்ங்கிறான்."

"எதையும் கழட்டாதீங்க மாமா, நான் வரேன்"னு சொன்னேன்.

பெட்ரோல் என்ஜின் மாதிரி டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அழுத்துறப்ப வர்ற சூட்டுலதான் எரிபொருள் பத்திக்கும். மெதுவா சுத்தினா அந்தச் சூடு போதாது. அதனால செல்ஃப் 'சுத்துது'ங்கிறது போதாது, வேகமா சுத்தணும்.

முதல்ல காதைத் தீட்டுங்க. சாவி திருப்பினா சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், இந்தச் சின்ன வயர் பக்கம் போங்க. 'கடகடகட'ன்னு அடிச்சா சொலினாய்டுக்கு வோல்ட் பத்தலை. 'டக்'னு ஒரே அடி, அப்புறம் மௌனம்னா சொலினாய்டு கான்டாக்ட் இல்லைன்னா மோட்டார் மேல சந்தேகம் வரலாம். நல்லா வேகமா சுத்தியும் பத்தலைன்னா அது செல்ஃப் பிரச்சினையே இல்லை. டீசல் வருதான்னு பாருங்க. என்ஜினை நிறுத்துற ஸ்டாப் சொலினாய்டையும் மறக்காதீங்க.

மாமா படகுல கேட்டது இது எதுவுமில்லை. அரைச் சுத்து, முனகல், நிப்பு. பேட்டரி டவுன்னா எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே. கடைக்காரர் ஏமாந்ததுல ஆச்சரியம் இல்லை.

24 வோல்ட் சிஸ்டம், ரெண்டு பேட்டரி. மல்டிமீட்டர் வெச்சா 25.3. ஆனா சும்மா இருக்கிறப்ப பார்க்குற வோல்ட்டை நம்பவே கூடாது. மீட்டர் இழுக்குற கரண்ட் ஒண்ணுமே இல்லை. கேபிள்ல ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். செல்ஃப் மோட்டார் இழுக்குறது நூத்துக்கணக்கான ஆம்பியர். 300 ஆம்பியர் போற வழியில ஒரு ஓம்ல நூத்துல ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமப் போயிடும்.

அதனால கியரை நியூட்ரல்ல போட்டு, ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடிச்சு, என்ஜின் பத்தாம செல்ஃபை மட்டும் அஞ்சு வினாடி அடிக்கச் சொன்னேன். பேட்டரி முனையில 22.8. புது பேட்டரி நல்லாவே தாங்குது. செல்ஃப் மோட்டார்ல வெறும் 17. நடுவுல 5.8 வோல்ட்டை யார் தின்னா?

மீட்டரோட ஒரு முள்ளு பேட்டரி பிளஸ்ல, இன்னொண்ணு மோட்டார் பிளஸ்ல. மறுபடி செல்ஃப் அடிச்சா 0.4. பரவாயில்லை. அடுத்து ஒரு முள்ளு பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணு மோட்டார் உடம்புல. 5.4! திருடன் எர்த் கேபிள்தான்.

வண்டியில சேஸிஸே எர்த். மரப்படகுலயும் ஃபைபர் படகுலயும் அப்படி ஒரு இரும்புச் சட்டம் கிடையாது. போன கரண்ட் அத்தனையும் அந்த ஒத்தைக் கேபிள் வழியாத்தான் திரும்பணும். வெளியில பார்த்தா நட்டு இறுக்கமா, கிரீஸ் பூசி அழகா இருந்துச்சு. லக்கை வெட்டிப் பார்த்தா உள்ளே செம்பு கறுத்து, பச்சைக் களிம்பு ஏறி, தொட்டா உதிருது. நல்ல செம்பு தெரியிற வரைக்கும் கேபிளை வெட்டி, புது லக் கிரிம்ப் பண்ணி, சேர்ற இடத்தைத் தேய்ச்சுப் போட்டோம். மறுபடி அளந்தா 0.3. ஸ்டாப் லீவரை விட்டதும் ரெண்டாவது சுத்துலேயே பிடிச்சுது.

பத்து மைல் தள்ளி ராத்திரியில இது நடந்திருந்தா யோசிச்சுப் பாருங்க. துறைமுகத்துக்குப் போற கப்பல் வர்ற பாதை, மிதக்குற படகு, ஐஸ் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். இன்னொரு படகு வந்து இழுத்தாத்தான் கரை.

சிலர் ஸ்க்ரூடிரைவரால சொலினாய்டை ஷார்ட் பண்ணுவாங்க. வேண்டாம். சார்ஜ் ஏறுற பேட்டரி ஹைட்ரஜன் விடும்; மூடின என்ஜின் ரூம்ல ஒரு பொறி போதும். கேபிளைக் கழட்டுறப்ப மைனஸ் முதல்ல, மாட்டுறப்ப மைனஸ் கடைசி. செல்ஃபை நீட்டி அடிக்காதீங்க. பத்துப் பதினஞ்சு வினாடி, அப்புறம் ரெண்டு நிமிஷம் ஆறவிடுங்க.

உங்க அபார்ட்மெண்ட் ஜெனரேட்டருக்கும், மழைக்காலத்துல முனகுற உங்க பைக்குக்கும் இதே சோதனைதான். சாதாரண மல்டிமீட்டரே போதும்.

ஓரமாப் போட்டிருந்த பழைய பேட்டரிகளை சார்ஜ் ஏத்தி, லோடு கொடுத்துப் பார்த்தேன். ரெண்டுமே உயிரோடதான் இருந்துச்சு. இப்போ மாமா படகுல லைட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் அதுதான் ஓடுது. புதுசு ரெண்டும் செல்ஃபுக்கு மட்டும்.