புதுக் குடியிருப்பும் பழைய ஒழுங்கையும்

கொழும்பு வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகள் பல. அவற்றுட் பெரும்பாலானவற்றின் ஒரு முனை காலி வீதியிலும், மறுமுனை புகையிரதப் பாதையை ஒட்டிச் செல்லும் மறைன் டிரைவ் வீதியிலும் முடிகின்றன. முற்றமும் மாமரமும் உடைய ஓட்டு வீடுகள் ஒரு காலத்தில் இவற்றின் இரு மருங்கிலும் நின்றன. இன்று அவ்விடங்களிலே தொடர்மாடிக் கட்டிடங்கள் எழுந்துள்ளன, இன்னும் எழுகின்றன. இரண்டு மோட்டார்க் கார்கள் எதிரெதிரே வந்தால், ஒன்று ஒதுங்கி நின்றாலன்றி மற்றொன்று போக இயலாத ஒழுங்கைகளும் இவற்றுள் உள.

இத்தகைய ஒழுங்கை ஒன்றிலே மூன்று பழைய வீடுகளின் காணியை ஒன்றாக்கி, 100 வீடுகள் கொண்ட தொடர்மாடி கட்டுவதற்கு ஒருவர் அனுமதி கோருகின்றார் எனக் கற்பனை செய்து பார்க்கலாம். அயலவர் அச்சமடைகின்றனர். “இத்தனை குடும்பங்களின் வண்டிகளும் எவ்வழியாற் போகும்?” என்று வினவுகின்றனர். கட்டுபவரின் பொறியியலாளர் தடித்த அறிக்கை ஒன்றைச் சமர்ப்பிக்கின்றார். போக்குவரவில் ஏற்படும் பாதிப்பு அற்பமானது என்பது அதன் முடிவு. அயலவரின் அச்சம் வெறும் அச்சந்தானா? பொறியியலாளரின் முடிவு எக்கணக்கின் மேல் நிற்கின்றது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண விழைபவர், அவ்வறிக்கை எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

வீதியிலே ஓடும் வண்டிகள் வீதியிலே பிறப்பனவல்ல; வீட்டிலும் கடையிலும் பள்ளியிலும் பிறப்பவை. 1954ஆம் ஆண்டில் ரொபர்ட் மிட்செல், செஸ்டர் ரப்கின் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட நூல், நகரப் போக்குவரவு நிலப் பயன்பாட்டின் விளைவே என்ற கருத்தைத் தன் தலைப்பிலேயே தாங்கி நின்றது. ஆலை ஒன்று வேலை முறை மாறும் வேளைகளில் நிறைந்து வெறுமையாகும். அதே காணியில் வீடுகள் எழுந்தால், காலையில் வெறுமையாகி மாலையில் நிறையும். காணி ஒன்றே, பயன் மாறியவுடன் பயணமும் மாறிவிடுகின்றது.

ஆகவே பொறியியலாளர் முதலிற் செய்வது, வரவிருக்கும் கட்டிடத்திலிருந்து எத்தனை பயணங்கள் பிறக்கும் என மதிப்பிடுவதாகும். அடுத்து, அவற்றுள் எத்தனை காரில், எத்தனை பஸ்ஸில், எத்தனை கால்நடையில் நிகழும் என்று பிரிக்கின்றார். பின்னர் அவ்வண்டிகள் எத்திசையிற் செல்லும், எச்சந்தியைக் கடக்கும் என்று பங்கிடுகின்றார். இறுதியாக, அச்சந்திகளுக்கு அவற்றைத் தாங்கும் கொள்ளளவு உண்டோ என்று பார்க்கின்றார். இந்நான்கு படிகளும் நியாயமானவையே. முதற்படியில் இடப்படும் எண் பிழையானால், ஏனைய மூன்றும் அப்பிழையை ஒழுங்காகக் கூட்டிப் பெருக்கிக் காட்டும், அவ்வளவே.

அவ்வெண் எங்கிருந்து வருகின்றது? அமெரிக்காவின் போக்குவரவுப் பொறியியலாளர் நிறுவகம் 1976இல் பயணப் பிறப்பு பற்றிய கைநூல் ஒன்றை முதன்முதலாக வெளியிட்டது. பல பதிப்புகளைக் கண்ட அந்நூல் உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றது. தனி வீடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 10 வரையான வாகனப் பயணங்கள், மாலை நெரிசல் மணியில் ஏறக்குறைய ஒன்று என்பது அது தரும் கணக்கு. கடைக்குப் பால் வாங்கப் போவதற்கும் கார் வேண்டியிருக்கும் அமெரிக்கப் புறநகரின் கணக்கு அது. வாசலிலிருந்து சில நிமிட நடையிற் பஸ் தரிப்பிடமும், புகையிரத நிலையமும், சந்தையும் உள்ள வெள்ளவத்தைக்கு அது எங்ஙனம் பொருந்தும்?

அந்நூலின் எண்கள் அமெரிக்காவுக்கே எவ்வளவு பொருந்தும் என்பதும் கேள்விக்குரியது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இதனை எடுத்துக்காட்டினார். 1987ஆம் ஆண்டுப் பதிப்பில், காரிலிருந்தவாறே உணவு வாங்கும் சிற்றுண்டிச்சாலைகள் எட்டினை ஆராய்ந்து ஓர் எண் தரப்பட்டிருந்தது. கட்டிடத்தின் பரப்புக்கும் அங்கு வந்த வண்டிகளின் தொகைக்கும் அந்த எட்டு இடங்களிலும் தொடர்பு எதுவும் இல்லையென்றே சொல்லலாம். ஆயினும் ஆயிரம் சதுர அடிக்கு நாளொன்றுக்கு 632.125 பயணங்கள் என்று அச்சிடப்பட்டிருந்தது. ஒரு பயணத்தின் எட்டில் ஒரு பங்கை எவர் செய்தாரோ, அறியோம். தசமப் புள்ளிக்குப் பின்னே மூன்று இலக்கங்கள் நின்றால் எண்ணுக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகின்றது.

இதற்கு மாற்று வழி எளிது. ஆனால் உழைப்பு வேண்டும். அயல் ஒழுங்கைகளிலே ஏற்கெனவே குடியேறியுள்ள தொடர்மாடிகளின் வாயிலில் ஆள் நிறுத்தி எண்ணுவதே அவ்வழி. உள்ளே போவது எத்தனை, வெளியே வருவது எத்தனை, கார் எத்தனை, முச்சக்கர வண்டி எத்தனை, நடந்து போவோர் எத்தனை பேர் என்று கால் மணிக்கொரு தடவை குறித்துக்கொள்ளல் வேண்டும். இவ்வாறு எண்ணினால், எந்தக் கைநூலும் கூறாத செய்திகள் தெரியவரும். வாடகை முச்சக்கர வண்டி வெறுமையாக வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றது. ஒருவர் செய்யும் ஒரு பயணத்துக்கு ஒழுங்கையில் இரு ஓட்டங்கள். பள்ளிக்கூட வான் ஒன்று வாயிலில் நின்று ஒலியெழுப்பிப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில், அதன் பின்னே ஐந்து வண்டிகள் நின்றுவிடுகின்றன. எண்ணிக்கையில் அது ஒரு வண்டி. விளைவில் அது ஒரு தடுப்புச் சுவர்.

எந்நேரத்தில் எண்ணுவது என்பதும் சிறு காரியமன்று. மேல்நாட்டு நூல்கள் காலை நெரிசல், மாலை நெரிசல் என இரண்டையே பெரிதும் பேசுகின்றன. இலங்கையிலே பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு விடுகின்றன. அந்நேரத்தில் வான்களும் கார்களும் முச்சக்கர வண்டிகளும் ஒருங்கே திரண்டு கொழும்பு வீதிகளை நிறைக்கும் காட்சியைக் காணாதவர் இல்லை. மூன்றாவது நெரிசல் எனத்தகும் இந்நேரத்தை விட்டுவிட்டு ஆக்கப்படும் அறிக்கை பிள்ளைகளை விட்டுவிட்ட அறிக்கையாகும். பாடசாலை விடுமுறை நாளில் எண்ணி எழுதப்பட்டதாயின் அதனைத் திருப்பி அனுப்புவதே முறை.

இனி, அற்பம் என்னும் சொல்லைச் சற்று ஆராயலாம். எடுத்துக்கொண்ட தொடர்மாடியிலிருந்து காலை நெரிசல் மணியில் 40 வண்டிகள் வெளிவரும் என்று கொள்ளலாம். காலி வீதியில் அந்த மணியில் 2000 வண்டிகள் ஓடுகின்றன என்றும் கொள்ளலாம். நாற்பதும் காலி வீதிக்கே சென்றாலும் கூடுதல் நூற்றுக்கு 2 மாத்திரமே. அறிக்கை இதனையே அற்பம் என்கின்றது. ஆனால் ஒழுங்கையிலே முன்னர் 60 வண்டிகள் ஓடின என்றால் இப்போது 100 ஓடும். கூடுதல் மூன்றில் இரண்டு பங்கு. அதே நாற்பது வண்டிகள்தாம். எதனோடு ஒப்பிடுவது என்பதைத் தெரிவு செய்தவர் முடிவையும் தெரிவு செய்துவிட்டார்.

அந்த நூற்றுக்கு இரண்டும் எப்பொழுதும் அற்பமாகாது. வரிசையில் நிற்றல் பற்றிய கணிதத்துக்கு வழிகாட்டியவர் ஏர்லாங் என்னும் டென்மார்க் நாட்டவர். கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய அவர், அழைப்புகள் எவ்வாறு வந்து குவிகின்றன என்பதை ஆராய்ந்து 1909இல் கட்டுரை வெளியிட்டார். தொலைபேசி அழைப்புக்குப் பொருந்திய நியதி சந்தியிற் காத்து நிற்கும் வண்டிக்கும் ஏறத்தாழப் பொருந்துகின்றது. எளிய வரிசைக் கணக்கொன்றின்படி, ஓரிடத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு 80 பயன்படும்போது சராசரியாக 4 பேர் அங்கிருப்பர். 90 ஆகும்போது 9 பேர். 95 ஆகும்போது 19 பேர். வருகை சிறிது சிறிதாகக் கூட, வரிசை பாய்ந்து பாய்ந்து வளர்கின்றது. பிரித்தானிய வீதி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் என்பவர் 1958இல் சமிக்ஞை விளக்குகளுக்கென வகுத்த கணக்கும் இப்பாங்கினதே. ஆதலால், வெறுமையான வீதியில் நாற்பது வண்டிகள் எவருக்கும் தெரியா. நிரம்பி வழியும் சந்தியில் அவை ஒவ்வொருவருடைய காலை நேரத்தையும் விழுங்கும். கலம் எவ்வளவு நிறைந்துள்ளது என்று கூறாமல், ஊற்றும் நீர் சிறிதென்று கூறுதல் போதாது.

கலத்தில் ஊற்றுபவரும் ஒருவரல்லர். ஒரே ஒழுங்கையில் ஐந்து காணிகளில் ஐந்து தொடர்மாடிகள் எழுமாயின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிக்கை உண்டு; ஒவ்வோர் அறிக்கையும் தன் பங்கு அற்பம் என்னும். ஐந்தும் உண்மை பேசலாம், ஒழுங்கை அடைபட்டுவிடும். இலங்கையில் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தேசிய சுற்றாடற் சட்டத்திற் சேர்க்கப்பட்ட பகுதியின் கீழ், 1993 யூன் மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளியாயிற்று. 1000 வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களைச் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்படுவனவாக அது வகுத்தது. நூறு நூறாக எழும் கட்டிடங்கள் பத்தானாலும் அவ்வெல்லையைத் தனித்துத் தொடுவதில்லை. எனவே, இன்று ஓடும் வண்டிகளை மாத்திரமன்றி, அனுமதி பெற்றும் இன்னும் கட்டி முடியாத எல்லாக் கட்டிடங்களின் வண்டிகளையும் கூட்டிய பின்னரே புதியதை அதன்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். அக்கூட்டலைச் செய்யத்தக்கது தனிக் கட்டுநரன்று. எல்லா விண்ணப்பங்களும் யாருடைய மேசைக்கு வருகின்றனவோ அந்த அதிகாரத் தாபனமே.

இதுவரை கூறியவை வண்டி ஓட்டுவோரின் காத்திருப்பைப் பற்றியவை. ஒழுங்கையிலே வாழ்பவர் ஓட்டுநர் மட்டுமல்லர். பேராசிரியர் கொலின் புக்கனன் தலைமையிற் பிரித்தானிய அரசாங்கத்துக்காக ஆக்கப்பட்டு 1963இல் வெளியான அறிக்கை, வீதிக்கு இருவகைக் கொள்ளளவு உண்டென்று காட்டியது. எத்தனை வண்டிகள் ஓடமுடியும் என்பது ஒன்று. எத்தனை ஓடினால் அத்தெருவில் மனிதர் நிம்மதியாக வாழமுடியும் என்பது மற்றது. குடியிருப்புத் தெருவிலே இரண்டாவது எல்லை முதலாவதற்கு வெகு முன்னதாகவே வந்துவிடுகின்றது. டொனால்ட் அப்பிள்யார்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோ நகரிலே ஒத்த தன்மையுடைய மூன்று தெருக்களை ஆராய்ந்து, தம் சகாவுடன் 1972இல் முடிவுகளை வெளியிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 வண்டிகள் ஓடிய தெருவிலே ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர் அதே தெருவில் இருந்தனர். 16,000 ஓடிய தெருவிலே அத்தொகை 0.9. வண்டி பெருகப் பெருக, மனிதர் முன்வாசலை விட்டு வீட்டின் உட்புறத்துக்குப் பின்வாங்கினர். இவ்விழப்பைக் காட்டும் நிரை சந்திக் கணக்குப் பட்டியலில் இல்லை.

இவற்றையெல்லாம் கேட்டவர், அப்படியாயின் அனுமதியே மறுக்கப்பட வேண்டும் என்று எண்ணக்கூடும். அங்கேதான் சிக்கல் இருக்கின்றது. அந்த நூறு குடும்பங்கள் வெள்ளவத்தையில் வீடு கிடையாமையால் மறைந்துபோவதில்லை. புகையிரதம் இல்லாத பிலியந்தலைப் பக்கத்திலே காணி வாங்கிக் குடியேறலாம். வேலைக்கும் பள்ளிக்கும் அங்கிருந்து நாள்தோறும் கொழும்புக்கு வண்டியில் வரலாம். ஒரு சந்தியைக் கடக்கவேண்டிய கார் பத்துச் சந்திகளைக் கடக்கும். ஆனால் புதிய வீடு இருக்கும் இடத்துத் தெரு வெறுமையானது. ஆகவே அங்கு எழுதப்படும் அறிக்கை பாதிப்பு இல்லையென்று எளிதிற் கூறிவிடும்.

இம்முரண்பாட்டைக் கலிபோர்ணியா மாநிலம் அனுபவத்தில் அறிந்துகொண்டது. சந்தியின் தாமதத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்த காலத்தில், நகரின் நடுவே எழும் வீடுகளுக்குத் தடையும், தொலைவில் வயல் நடுவே எழும் வீடுகளுக்கு வழியும் கிடைத்தன. 2013இல் நிறைவேறிய சட்டம் ஒன்றின் பயனாக, 2020 யூலை முதலாம் நாளிலிருந்து மாநிலமெங்கும் சுற்றாடல் மதிப்பீட்டிலே அந்த அளவுகோல் கைவிடப்பட்டது. ஒரு கட்டிடத்தினால் மொத்தத்தில் எத்தனை மைல் தூரம் வண்டிகள் ஓடவேண்டி நேரும் என்பதே புதிய அளவுகோல். அளவுகோல் மாறியதும், பஸ்ஸுக்கும் புகையிரதத்துக்கும் அண்மையில் எழும் வீடு குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டது.

ஆனால் மைற் கணக்கொன்றே போதுமென்பதும் சரியன்று. நாட்டுக்கு நன்மை தரும் கட்டிடம் தன் ஒழுங்கைக்குத் தீங்கு செய்யலாம். ஆகையால் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு அனுமதி வழங்கலாமா என்பதோடு, எந்நிபந்தனைகளோடு வழங்கலாம் என்பதும் ஆராயப்பட வேண்டும். வாயிற்கதவு திறக்கும்வரை காத்திருக்கும் கார் ஒழுங்கையில் வாலை நீட்டாதவாறு, கதவைக் காணிக்குள்ளே இரண்டு கார் நீளம் தள்ளி அமைக்கலாம். பள்ளிக்கூட வானும் முச்சக்கர வண்டியும் ஒதுங்கி நிற்கக் காணியின் முகப்பில் இடம் விடச் செய்யலாம். விருந்தினரின் கார்களுக்கு உள்ளேயே இடம் இருத்தல் வேண்டும். அன்றேல் அவை ஒழுங்கையின் ஒரு பாதியை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், தீயணைப்பு வண்டி வந்தாலும் நுழைய வழி இராது. காலி வீதிவரை நடந்து செல்வதற்கு ஒரு நடைபாதை, வடிகான் மீது இட்ட ஒழுங்கான மூடியாயினும், அமைப்பது இவை யாவற்றினும் மலிவானது. அறிக்கைகளில் மிக அரிதாகவே காணப்படுவதும் அதுவே. கட்டிடம் எழும் காலத்திலே மண்ணும் கல்லும் சீமெந்தும் ஏற்றிவரும் லொறிகள் பாடசாலை நேரங்களில் ஒழுங்கைக்குள் நுழையாதிருக்க ஒரு விதியும் வேண்டும். அக்காலம் சில மாதங்களல்ல, சில ஆண்டுகள்.

இன்னுமொன்று உண்டு. கட்டிடம் நிறைந்து மக்கள் குடிபுகுந்த பின்னர், அறிக்கை சொன்ன நாற்பது வண்டிகள் நாற்பதாகவே வந்தனவா, எழுபதாக வந்தனவா, இருபதோடு நின்றனவா என்று எவரும் திரும்பிச் சென்று எண்ணுவது அரிது. கோப்பு மூடப்பட்டுவிடுகின்றது. குடிபுகுந்து ஓராண்டான பின்னர், பாடசாலை நடைபெறும் வாரம் ஒன்றிலே, அதே வாயிலில், அதே மணி நேரங்களில் மீண்டும் ஒரு முறை எண்ண வேண்டுமென்று அனுமதிப் பத்திரத்திலேயே நிபந்தனை இடலாம். இரண்டு பேரும், ஒரு குறிப்புப் புத்தகமும், ஒரு கைக்கடிகாரமும் அதற்குப் போதும். அவ்வெண்ணை அடுத்த ஒழுங்கையில் அடுத்த விண்ணப்பம் வரும்போது எடுத்துப் பார்க்கலாம்.