ஆழ்கடல் அளவைப்படமும் தானியங்கிக் கலங்களும்
(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நிலத்தை அளந்து எல்லைக்கல் நாட்டிய பின்னரே அதன் மதிப்பைப் பேசுதல் நம் வழக்கம். ஆழ்கடலுக்கும் இது பொருந்தும். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக முடிச்சுகளை ஆராய, 2002ஆம் ஆண்டில் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகியவை அடங்கிய இம்முடிச்சுகள், 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், உருளைக்கிழங்குகளைப் பரப்பி வைத்தாற்போல் கிடக்கின்றன.

கப்பலிலிருந்து ஒலியலைகளைச் செலுத்திப் படுகையை அளக்க இயலும். எனினும், ஒரு பாகை அகலமுள்ள ஒலிக்கற்றை 5,000 மீட்டர் ஆழத்தை எட்டும்போது ஏறக்குறைய 87 மீட்டர் அகலத்திற்கு விரிந்துவிடுகின்றது. முடிச்சுகளின் அடர்த்தியையும் சிறு மேடுபள்ளங்களையும் அறிய, படுகையை ஒட்டிச் செல்லும் ஆளில்லாத் தானியங்கிக் கலமே ஏற்றதாகும்.

இருப்பிடம் அறிதல்

செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்வதில்லை. ஆகவே, கலம் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. சுழலுணர்வுக் கருவிகள் அதன் திசைமாற்றத்தை அளக்கின்றன. படுகையில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுபாட்டைக் கொண்டு டாப்ளர் கருவி வேகத்தைக் காட்டுகின்றது. ஆனால் சென்ற தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை நேரினும், 50 கிலோமீட்டர் கடந்தபின் கலம் 50 மீட்டர் விலகியிருக்கும்.

இப்பிழையைத் திருத்த இரு வழிகள் உள்ளன. ஒன்று, கப்பலிலிருந்து ஒலியலையால் கலத்தின் நிலையை அறிவது. நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் செல்வதால், 5,000 மீட்டர் ஆழத்திற்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 7 வினாடிகள் ஆகும். மற்றொன்று, முன்னர்க் கண்ட மேட்டையோ பாறையையோ கலம் மீண்டும் இனங்கண்டு, தன் கணக்கையும் படத்தையும் ஒருங்கே சரிசெய்து கொள்வதாகும்.

நம் நாட்டின் முயற்சி

2021 ஜூன் மாதத்தில், ஐந்தாண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஆழ்கடல் இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கிக் கலம் 2022 டிசம்பரில் 5,271 மீட்டர் ஆழத்தில் 14 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராய்ந்தது. மொத்தப் பரப்புடன் ஒப்பிட இது சிறு துளியே எனினும், நல்ல தொடக்கம் எனலாம்.

படத்தின் பயன்

ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிலோகிராம் முடிச்சுகள் உள்ளன என்பதைப் பொறுத்தே சுரங்கத்தின் வரவுசெலவு அமையும். இடம் பிழையானால் மதிப்பீடும் பிழையாகும், பொதுப்பணம் வீணாகும். மேலும், இம்முடிச்சுகள் பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்பவை. பல கடலுயிர்கட்கு அவையே பற்றுக்கோடு. அகழ்ந்த இடம் பின்னர் எந்நிலையில் உள்ளது என்பதை அறிய, பல ஆண்டுகள் கழித்தும் அதே இடத்திற்குத் திரும்பிச் செல்ல இயல வேண்டும். இருப்பிடம் துல்லியமாகக் குறிக்கப்படாவிடில் இழப்பை எவரும் மெய்ப்பிக்க இயலாது, மறுக்கவும் இயலாது.

எனவே, அகழ்வுப் பொறிகளுக்கு நிதி ஒதுக்கும்போது அளவைப் பணிக்கும் அதற்குரிய பங்கை ஒதுக்குதல் இன்றியமையாதது. அளவை முற்றுப்பெற்ற பின்னரே அகழ்வு பற்றிய முடிவை மேற்கொள்வது நாட்டுக்கு நலம் பயக்கும்.