தளம் மூடிய மறுநாள்



1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் கையளித்தார்கள். எந்தக் கொடி இறங்கியது, எது ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், பிரித்தானியரின் தளம் மூடப்பட்டதால் வேலை இழந்த நானூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளரைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அவர்களைப் பொலனறுவை மாவட்டத்தில் குடியேற்ற அரசு எண்ணியபோது, அங்கிருந்த சிங்களவரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. தமிழருக்கு எதிரான 1958 கலவரம் மூண்ட இடங்களில் பொலனறுவையும் ஒன்று. கலவரத்துக்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன. தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தர உடன்பட்ட பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது அவற்றுள் முதன்மையானது. ஆனாலும், திட்டமின்றிச் செய்த ஓர் ஆட்குறைப்பு அந்த நெருப்புக்கு விறகானது. பட்டம் பெறும் பிள்ளைகளே, கொழும்பிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்த அகதிகளை உங்கள் பாட்டன் பாட்டிமார் கண்டிருப்பார்கள்.

ஆட்குறைப்பு ஏன் இவ்வளவு சுடுகிறது? பாதுகாப்புத் துறையில் உழைப்பை வாங்குபவர் ஒருவரே: அரசு. போர்க்கப்பலைப் பழுதுபார்த்துப் பழகிய கைக்கு வெளியே அதே கூலி கொடுப்பாரில்லை. எல்லோரும் ஒரே நாளில் வேலை தேடி நின்றால் ஊரில் கூலியே விழும். சம்பள நாளை நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரரும் விழுவார். அரசு மிச்சம் பிடித்த பணம் தொழிலாளியின் வீட்டில் கடனாக ஏறும்.

இது பழங்கதை அல்ல. இராணுவத்தின் ஆளணியை 200,783இலிருந்து 2030க்குள் 100,000ஆகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் படையினரிடம் காணி இழந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதேவேளை, வன்னியில், பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் நம் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். மற்ற முன்பள்ளி ஆசிரியைகள் பெறும் கொடுப்பனவைவிட அவர்களது சம்பளம் பன்மடங்கு. படைத்துறையின் கையிலிருந்து முன்பள்ளிகள் விடுபடவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அடுத்த மாதம் அந்த வீட்டு உலையில் எது வேகும் என்பதற்கும் விடை வைத்துக்கொண்டுதான் அதைக் கேட்கவேண்டும்.

பொருளியல் கற்ற பிள்ளைகளே, ஒரு முகாம் மூடப்படும் என்ற செய்தி வந்தால், வாயில் பூட்டப்படுவதற்கு முன்னரே அங்கே போங்கள். யாருக்கு என்ன தொழில் தெரியும், யாருக்கு எங்கே கடன், எந்தக் கடை அவர்களை நம்பி நடக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். 1957இல் அந்தக் கணக்கை எடுக்க இங்கே ஒரு பல்கலைக்கழகம் இருக்கவில்லை.